அறுபத்தைந்து சதவீதம்

எங்கள் லேபில் ஓர் அறை இருக்கிறது,
துணிக்கு மட்டும்.
இருபது டிகிரி, அறுபத்தைந்து சதவீத ஈரம்.
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
நாலு மணி நேரம் அதில் கிடந்தால்தான்
துணி தன் எடையைச் சரியாகச் சொல்லும்.
வெளியே ஆடிக் காற்று
பல்லடம் ரோட்டு மண்ணை அள்ளி
எங்கள் பல்லில் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரம்தான் கூரியரில் வந்தது செடி.
செடி என்றால், விரல் நீளத் தண்டு.
இரண்டு கணு, ஒன்றரை இலை,
ஈரப் பாசியில் சுருட்டி டானிக் பாட்டிலில்.
முன்னூற்றைம்பது ரூபாய் என்றதும்
கீழ்வீட்டு ருக்குமணியக்கா,
"ஏஞ்சாமி, இத்தன வெலைக்குப் பூவாச்சும் வெக்குமா?"
வைக்கும்.
ஆனால் இந்த ஆர்க்கிட்டைப் பூவுக்காக யாரும் வளர்ப்பதில்லை.
"அப்பறம்?"
இலைக்கு.
"கருவேப்பல கூட எலதான்" என்று
அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

என்ன நிறம் அது?
பதினோரு வருடமாக என் வேலையே அதுதான்.
கடல் தாண்டி வரும் துண்டுத் துணியைப் பார்த்து
இத்தனை சிவப்பு, இத்தனை மஞ்சள், இத்தனை நீலம் என்பது.
ஓர் இரவு ஷிப்டில் இலையை லைட் பாக்ஸில் வைத்தேன்.
பகல் விளக்கில் கறுப்பு.
கடை விளக்கில் பீட்ரூட் வெந்த தண்ணீர்.
கொஞ்சம் சாய்த்தால்
நரம்பெல்லாம் செம்பு,
யாரோ உள்ளிருந்து ஓவர்லாக் அடித்த மாதிரி.
ஏழு டிப் போட்டேன்.
ஏழும் துணியாகவே இருந்தன.

எங்கள் தெருத் தண்ணீர்
காய்ந்த குடத்தில் வெள்ளை எழுதும்.
மீட்டரை முக்கினால் ஆயிரத்து நூறு.
நாங்கள் குளித்துக்கொள்வோம், இது செத்துவிடும்.
லேப் ஏசிக் குழாயில் சொட்டுவதைப் பிடித்து
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
"தீர்த்தமுங்களா?" என்றார் கண்டக்டர்.
ஆமாங்க என்றேன். சுலபமாக இருந்தது.

மைசூர்பாகு டப்பா. மூடியில் நாலு துளை.
உள்ளே பொள்ளாச்சி நார்த்தூள், கரித்துண்டு, ஒரு பிடி பாசி.
ஆழம் வேண்டாம்.
இது இறங்காது,
படுத்தபடியே நகரும்.

மறு வருடம் ஐப்பசி மழை.
டப்பாவைத் திறந்துவிட மறந்த ஒன்பதாம் நாள்
தண்டின் அடி விரலோடு வந்தது, கொழகொழவென்று.
பிளேடை நெருப்பில் காட்டி
பச்சை தெரியும்வரை வெட்டினேன்.
வெட்டுவாயில் பட்டைத்தூள் தடவினால்
வீடெல்லாம் பிரியாணி வாசம்.
மிச்சம் மூன்று துண்டு.

ஒன்றைப் பினோதினிக்குக் கொடுத்தேன்.
செக்கிங்கில் இருக்கிறாள்.
ஒடிசாவில் எந்த ஊர் என்று
இரண்டு முறை கேட்டும் எனக்கு நிற்கவில்லை.
ஹாஸ்டல் அறையில் எட்டுப் பேர்.
இருக்கிற ஒரு ஜன்னல்
அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்க்கிறது.
"வெளிச்சம் இல்ல, அக்கா."
"அதான் நல்லது, வெயிலே ஆகாது" என்றுவிட்டு
நின்றேன்.
அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"செடிக்கு" என்றேன்,
ரொம்ப நேரம் கழித்து.

என்னிடமிருந்த இரண்டில் ஒன்று கார்த்திகையிலேயே போயிற்று.
இன்னொன்று உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்கடுத்த தையில்
போனில் ஒரு படம் வந்தது.
டார்ச் வெளிச்சத்தில் ஒரு சாண் காம்பு,
சின்னச் சின்ன வெள்ளை,
நடுவில் மஞ்சள் புள்ளி.
பின்னால் அடுக்குக் கட்டிலிலிருந்து
யாருடைய காலோ தொங்குகிறது.
"பூ வந்தா இலை சோர்ந்துடும் சொன்னீங்க.
வெட்டவா?"

வெட்டு என்று எழுதி அழித்தேன்.
விட்டுடு என்று அனுப்பினேன்.
பதில் இல்லை, அவளுக்கு ஷிப்ட் நேரம்.

துணி அறைக்குள் நின்று
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மூடியில் ஐந்து துளை.
நாலு என்றுதான்
நான் சொல்லியிருந்தேன்.